கோபம் எல்லோருக்கும் வருகிறது, கொலை எப்படி நடக்கிறது?

கேள்வி இதுதான்: படிப்பு பெருகிவிட்டது, சட்டமும் காவல்துறையும் இருக்கின்றன, தாத்தா காலத்தோடு ஒப்பிட்டால் வசதியும் கூடியிருக்கிறது. அப்புறமும் ஏன் இவ்வளவு வன்முறை? மனிதனின் பிறவிக் குணமா, வறுமையா, சாதி மதமா, சினிமாவும் செல்போனுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம், பொறாமை, பயம், அவமானம், பசி எல்லாம் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் தாராளமாக இருக்கின்றன. அவற்றை வைத்து மட்டும் ஒரு கொலையை விளக்க முடியாது. கோபப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மீதி ஒருவர் அரிவாளை எடுக்கிறார் என்றால், எடுக்கலாம் என்று அவருக்கு யாரோ, எதுவோ சொல்லியிருக்கிறது. வாயால்தான் சொல்ல வேண்டுமென்பதில்லை. முன்பு செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஒரு சொல்தான். அதை நான் அனுமதி என்கிறேன். வன்முறை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்க்கப் பார்க்க, இந்த அனுமதியைத்தான் முதலில் தேட வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

பிறவிக் குணம் என்ற வாதத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். மனிதனுக்கு அடிக்கும் திறன் பிறவியில் இருக்கிறது, சரி. ஆனால் ஜப்பானில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஒரு கொலை கூட இல்லை, அதில் பாதியும் இல்லை. எல் சால்வடோரில் 2015-ல் அதே ஒரு லட்சம் பேருக்கு நூறுக்கும் மேல். அதே எல் சால்வடோரில் சில ஆண்டுகளில் அந்த எண் பெருமளவு சரிந்தது. இடைக்கால இங்கிலாந்தின் பிரேத விசாரணைப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், அன்றைய கொலை விகிதம் இன்றைக்கு இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகம் என்கிறார்கள். இருபது முப்பது தலைமுறையில் ரத்தத்தின் குணமா மாறிவிட்டது? மாறியது ரத்தத்துக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று.

வறுமை என்பது இன்னும் கனமான வாதம். ஆனால் அதுவும் நேரடிக் காரணம் இல்லை. உலகின் மிக ஏழை நாடுகளில் பல, கொலை விகிதத்தில் கீழேதான் இருக்கின்றன. ஏற்றத்தாழ்வு கடுமையாக இருக்கும் நாடுகளில்தான் எண் ஏறுகிறது. இல்லாமையைவிட, பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் சிறுத்துப்போவதுதான் மனிதனை அதிகம் சுடுகிறது. அப்படிச் சுட்டாலும் அது ஒரு எரிபொருள் மட்டுமே. இதைப் புரிந்துகொள்ள 1994-ல் ருவாண்டாவில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நவீன உலகம் பார்த்த மிக வேகமான இனப்படுகொலைகளில் ஒன்று அது. ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு. ருவாண்டா அரசின் கணக்கு பத்து லட்சத்தைத் தாண்டுகிறது.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் அன்றைக்கு எழுதியது என்ன? ஆப்பிரிக்கப் பழங்குடிகளின் பழம்பகை, திடீரென்று வெடித்தது என்று. அது உண்மையில்லை. அந்த நாட்டின் பெரும்பான்மையினரான ஹூட்டுகளும் சிறுபான்மையினரான டுட்சிகளும் ஒரே மொழி பேசியவர்கள், ஒரே தேவாலயத்துக்குப் போனவர்கள், ஒரே மலைச்சரிவில் பக்கத்துப் பக்கத்து வயலில் உழைத்தவர்கள், பெண் கொடுத்து எடுத்தவர்கள். வேறுபாடு முன்பே இருந்தது என்றாலும், அதை ஒவ்வொருவரின் நெற்றியிலும் எழுதி ஒட்டியது 1930-களில் பெல்ஜிய ஆட்சி கொண்டுவந்த அடையாள அட்டை. அப்பா எந்தப் பிரிவோ பிள்ளையும் அந்தப் பிரிவு என்று அட்டையில் அச்சடித்தாகிவிட்டது. அறுபது ஆண்டு கழித்துச் சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான்.

எரிபொருள் நிறைய இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாடு சிறியது, ஜனம் நெருக்கம், நிலம் துண்டு துண்டாகிவிட்டது. 1989-ல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் குலைந்து விலை சரிந்தபோது, காப்பியை நம்பியிருந்த குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. 1990 அக்டோபரில் உகாண்டாவிலிருந்து டுட்சி அகதிகளின் படை எல்லை தாண்டி வந்தது, போர் தொடங்கியது. 1993 அக்டோபரில் பக்கத்து நாடான புருண்டியில், தேர்தலில் வென்ற ஹூட்டு அதிபரை டுட்சி இராணுவ அதிகாரிகள் கொன்றார்கள். அங்கிருந்து ஓடி வந்த ஹூட்டு அகதிகள் தெற்கு ருவாண்டாவில் கூடாரம் போட்டார்கள். பயம் கற்பனையல்ல, கண்ணெதிரே இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய ஒரு தனியார் வானொலி, நல்ல பாட்டுகளுக்கு நடுவே டுட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இத்தனையும் சேர்ந்து தானாகவே கொலையாக மாறிவிடுமா? இங்கேதான் டாபா, புட்டாரே என்ற இரண்டு இடங்களின் கதை முக்கியம்.

1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டாவின் ஹூட்டு அதிபர் ஹப்யரிமானாவின் விமானம் தலைநகர் கிகாலி மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. சில மணி நேரத்தில் தலைநகரில் கொலைகள் தொடங்கின. முதலில் குறிவைக்கப்பட்டவர்களில் டுட்சிகள் மட்டுமல்ல, மிதவாத ஹூட்டு அரசியல்வாதிகளும் இருந்தார்கள். பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானா ஒரு ஹூட்டு. மறுநாள் காலையிலேயே அவரைக் கொன்றார்கள். அவருக்குக் காவலாகப் போன 10 பெல்ஜிய வீரர்களும் கொல்லப்பட்டார்கள். இது கும்பலின் ஆத்திரம் இல்லை. யார் கையெழுத்துப் போட்டால் இராணுவம் நிற்கும், அந்தக் கையெழுத்துப் போடக்கூடியவர்கள் யார் யார் என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை.

டாபா என்பது கிகாலிக்கு மேற்கே இருந்த ஒரு வட்டாரம். அதன் தலைவர் ழான்-பால் அகாயேசு. பள்ளி ஆசிரியராக இருந்து, கல்வி ஆய்வாளராக உயர்ந்து, 1993-ல் வட்டாரத் தலைவரானவர். ஊர் மதித்த மனிதர். தலைநகரில் கொலை தொடங்கிப் பத்து நாளுக்கு மேலாகியும் டாபாவில் பெரும் படுகொலை நடக்கவில்லை. காரணம் இவர்தான். வெளியிலிருந்து வந்த ஆயுதக் குழுவினரை இவரும் இவருடைய ஊர்க் காவலர்களும் தடுத்தார்கள் என்று பின்னாளில் சர்வதேச நீதிமன்றத்தில் சாட்சிகளே சொன்னார்கள். ஏப்ரல் 18-ஆம் தேதி இடைக்கால அரசு வட்டாரத் தலைவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டது. அந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அகாயேசு வேறு ஆள். மறுநாள் கூடிய ஜனங்களிடம் எதிரியின் கையாட்களை ஒழிக்க வேண்டும் என்று பேசினார். அதன்பிறகு டாபாவில் குறைந்தது 2,000 டுட்சிகள் கொல்லப்பட்டார்கள். அடைக்கலம் தேடி வட்டார அலுவலகத்துக்கு வந்த பெண்கள் அந்த வளாகத்திலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 1998 செப்டம்பரில் அகாயேசுவுக்கு எதிராக வந்த தீர்ப்புதான், ஒரு சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றத்தை விசாரித்து வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு.

அந்த ஏப்ரல் 17-க்கும் 19-க்கும் இடையில் டாபா மக்களின் வறுமை கூடவில்லை, வெறுப்பு கூடவில்லை, நிலம் சுருங்கவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. நேற்றுவரை தடுத்த கை இன்றைக்கு வழிகாட்டியது.

தெற்கே புட்டாரே மாகாணம் இன்னும் தெளிவான சாட்சி. பல்கலைக்கழகம் இருந்த ஊர், கலப்பு மணங்கள் அதிகம். மாகாண ஆளுநர் ஒரு டுட்சி. நாட்டிலேயே அந்தப் பதவியில் இருந்த ஒரே டுட்சி அவர்தான். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு, கொலையில் இறங்காதீர்கள் என்று சொன்னார். பக்கத்து மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் உயிர் பிழைக்கப் புட்டாரேவுக்கு ஓடி வந்தார்கள். இரண்டு வாரம் அந்த மாகாணம் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. பிறகு அவரைப் பதவிநீக்கம் செய்தார்கள். ஏப்ரல் 19 அன்று புதிய ஆளுநர் பதவியேற்பு விழாவுக்கு இடைக்கால அதிபர் சிந்திகுப்வாபோ நேரில் வந்து பேசினார். அவர் அதே மாகாணத்துக்காரர், தொழிலால் மருத்துவர். இது எங்கள் பிரச்சினை இல்லை என்று ஒதுங்கி நிற்பவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். மறுநாளே, முன்னாள் அரசரின் விதவை, முதியவரான ரோசலி கிகாண்டாவை வீட்டிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள். ஊரே மதித்த கிழவிக்கே பாதுகாப்பில்லை என்றால் யாருக்கு இருக்கும்? எல்லோருக்கும் செய்தி புரிந்தது. நாட்டிலேயே மிக அதிகம் பேர் இறந்த மாகாணங்களில் ஒன்றாகப் புட்டாரே மாறியது. அந்தப் பழைய ஆளுநரும் கொல்லப்பட்டார்.

பின்னாளில் சிறைகளில் தண்டனைக் கைதிகளைச் சந்தித்துப் பேசிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பதில்கள் என்னை மிகவும் உலுக்கியவை. அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், குடும்பஸ்தர்கள், முன்பு எந்தக் குற்ற வழக்கும் இல்லாதவர்கள். டுட்சி அண்டை வீட்டாரோடு நன்றாகத்தான் இருந்தோம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். போகாவிட்டால் நம்மைத் துரோகி என்பார்கள், அபராதம் போடுவார்கள், அடிப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். டுட்சிகளின் படை வந்து நம்மைக் கொல்லுமுன் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்ற பயம் இன்னொரு பக்கம். வீடு வீடாகக் கூப்பிட வந்தவர்கள் உள்ளூர் அதிகாரிகளும் தெரிந்த மனிதர்களும். ஊர்ப் பொதுவேலைக்கு ஆள் திரட்டுவதற்கு ஏற்கெனவே இருந்த அதே ஏற்பாடுதான் கொலைக்கு ஆள் திரட்டவும் பயன்பட்டது.

உலகமும் அனுமதி கொடுத்தது. ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர், ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன, ஆட்களுக்குப் பயிற்சி நடக்கிறது என்று 1994 ஜனவரி 11 அன்றே நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார். ஆயுதங்களைப் பறிமுதல் செய்யக் கிளம்பியவரை, வேண்டாம் என்று தலைமையகம் நிறுத்தியது. கொலைகள் உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை அந்தப் படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. கொல்பவர்கள் இதையெல்லாம் கவனிக்காமலா இருந்தார்கள்?

நமக்கு இன்னும் நெருங்கிய நினைவு ஒன்று இருக்கிறது. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 இராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் மாலை அவர்களை அடக்கம் செய்வதற்காகக் கொழும்பு கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து கலவரம் தொடங்கியது. துயரத்தால் கொதித்த ஜனங்கள் என்பது அன்றைய அரசு தரப்பு விளக்கம். கொதித்த ஜனங்களின் கையில் வாக்காளர் பட்டியல் எப்படி வந்தது? எந்தத் தெருவில் எத்தனையாம் இலக்கம் தமிழர் வீடு, எது தமிழருக்குச் சொந்தமாகி சிங்களவர் குடியிருக்கும் வீடு என்று பார்த்துப் பார்த்துத் தீ வைத்தார்கள். ஊரடங்கு அறிவிக்க மறுநாள் பிற்பகல் ஆனது. அதற்குள் நகரம் எரிந்து முடிந்துகொண்டிருந்தது. வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் பூட்டுக்கும் காவலுக்கும் உள்ளேயே, 25-ஆம் தேதியும் 27-ஆம் தேதியுமாக 53 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 28-ஆம் தேதி நாட்டுக்கு உரையாற்றிய ஜனாதிபதி ஜெயவர்தனா, இறந்த தமிழர்களுக்காக ஒரு அனுதாபச் சொல் கூடச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டு அறைக்குள் ஒளித்து வைத்து, வாசலில் நின்று கும்பலிடம் பொய் சொல்லிக் காப்பாற்றிய சிங்களவர்களும் நிறைய உண்டு. உயிர் தப்பியவர்களில் பலரும் முதலில் சொல்வது அவர்களைப் பற்றித்தான். ஒரே தெரு, ஒரே இனம், ஒரே செய்தியைக் கேட்டவர்கள். ஒருவர் பெட்ரோல் டின்னோடு வந்தார், இன்னொருவர் கதவை அடைத்து நின்றார். இனவெறுப்புதான் முழுக் காரணம் என்றால் இந்த இரண்டாவது மனிதரை எங்கே வைப்பது?

1983-க்கு முன்னால் தமிழர்களுக்கு எதிரான 1958 கலவரம் இருந்தது, 1977 கலவரம் இருந்தது, 1981-ல் யாழ் நூலகம் எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு செய்தவர்கள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஒவ்வொரு முறையும் தண்டிக்காமல் விட்டது அடுத்த முறைக்கான கடிதம் போலச் சேர்ந்துகொண்டே போனது.

தமிழ்நாட்டில் இதே பாடம் கீழ்வெண்மணியில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியில் கூடுதலாகக் கொஞ்சம் நெல் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலித் தகராறு அந்தப் பகுதி முழுவதும் நடந்துகொண்டுதான் இருந்தது. தகராறு தீயாக மாற, தீ வைத்தாலும் நமக்கு ஒன்றும் ஆகாது என்ற துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் தப்பான கணக்கு இல்லை என்பதைப் பின்னால் வந்த வழக்கு நிரூபித்தது. கீழ் நீதிமன்றம் பத்தாண்டு தண்டனை கொடுத்த மிராசுதாரர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியும் கௌரவமும் உள்ளவர்கள், தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருளில் தீர்ப்பில் எழுதப்பட்டிருந்தது. 1980-ல் முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்ட கோபாலகிருஷ்ண நாயுடு கொலை செய்யப்பட்டார். நீதிமன்றம் கதவைச் சாத்திய இடத்தில் பழிவாங்கல் வந்து உட்கார்ந்தது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதில் எந்த மர்மமும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வன்முறை செய்பவன் தன்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு செய்வதில்லை. பெரும்பாலான நேரம் தான் ஒரு நியாயத்தைச் செய்வதாகவே நம்புகிறான். குடும்ப மானத்தைக் காப்பாற்றினேன், சாதிக்கு வந்த இழுக்கைத் துடைத்தேன், பெண்டாட்டியைத் திருத்தினேன், பிள்ளை பிடிக்க வந்தவளைப் பிடித்தேன் என்பான். ஆணவக் கொலை செய்த தகப்பனைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது அவன் முகத்தில் குனிவு இருப்பதில்லை. சொந்தபந்தம் வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டுகிறது. அந்தப் பணம் திரட்டும் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் யாரும் அரிவாளைத் தொட்டதில்லை. அரிவாளைத் தொட்டவனுக்கு வேண்டியது அவர்கள் கையெழுத்துதான்.

வீட்டுக்குள் நடப்பதும் இதே வழியில்தான் நடக்கிறது. அதைக் குடும்ப விஷயம் என்று தனியே பிரித்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. 2023-ல் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. அதில் 51,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது கணவன், காதலன் அல்லது சொந்தக் குடும்பத்தார். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21), மணமான பெண்களில் ஏறக்குறைய 29 சதவீதம் பேர் கணவனின் அடி அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சமையல் சரியில்லை, சொல்லாமல் வெளியே போனாள், மாமனார் மாமியாரை மதிக்கவில்லை, இப்படிக் காரணங்களைச் சொல்லி, மனைவியை அடிப்பது சரியா என்று கேட்டார்கள். ஏதாவது ஒரு காரணத்துக்காவது சரி என்ற பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். அடிப்பவனுக்கு இதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு என்ன வேண்டும்? வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டு யாரிடமாவது போனவர்கள் 14 சதவீதம்தான். கேட்டாலும், அனுசரித்துப் போம்மா என்ற பதில் வரும் என்று மீதிப் பேருக்குத் தெரியும்.

செல்போனும் சமூக ஊடகமும் என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு வருவோம். அவை புதிதாக வெறுப்பை உண்டாக்குவதைவிட, அனுமதி பரவும் வேகத்தைக் கூட்டுகின்றன. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று ஊர் கூடி அடித்துக் கொன்றது. வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் பின்னணி. அந்த ஆண்டு மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர், வேறு மாநிலங்களில் இன்னும் பலர் அப்படியே இறந்தார்கள். ஒரே தகவலை நாலு பேர் அனுப்பினால் ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஊரே நினைக்கும்போது முதல் அடி அடிப்பவனுக்குத் தயக்கம் போய்விடுகிறது. சினிமாவைப் பற்றி அவ்வளவு சொல்வதற்கில்லை. அரிவாளை நாயகத்தனமாகக் காட்டும் படங்கள் எனக்கும் பிடிக்காது, ஆனால் அதே படங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகும் கோடிக்கணக்கானவர்களை மறந்துவிடக் கூடாது.

எல்லா வன்முறையையும் இந்த ஒரு காரணத்துக்குள் அடக்கவும் முடியாது. குடிபோதைச் சண்டைகள் இருக்கின்றன. கையில் என்ன ஆயுதம் கிடைக்கிறது என்பதும் பெரிய விஷயம். அமெரிக்காவில் நடக்கும் கொலைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு துப்பாக்கியால் நடப்பவை. கத்தியால் நடந்திருந்தால் காயத்தோடு முடிந்திருக்கும் சண்டைகள் அங்கே கொலையாக முடிகின்றன.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் போனால் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை வைத்து எந்தப் பையன் எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம். ஒரே நிறக் கயிறு கட்டியவர்கள் ஒரே இருக்கை வரிசையைப் பிடிக்கிறார்கள். இந்தக் கயிறுகளைத் தடுக்க 2019-ல் பள்ளிக் கல்வித் துறையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது நடைமுறைக்கு வராமலே போயிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனை அவனுடைய பள்ளி மாணவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சாதியைச் சொல்லித் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அந்த மாணவன் பள்ளியில் முறையிட்டிருந்தான், அதற்குப் பழிவாங்க வந்தார்கள் என்பதுதான் செய்தி. அந்தப் பையன்கள் பதினேழு வயதில் எங்கிருந்தோ கொலைவெறியோடு குதித்து வந்தவர்கள் இல்லை. கயிறு கட்டிய நாளில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தூக்கி வரச் சொன்ன நாளிலும், அடித்த நாளிலும் கண்டுகொள்ள ஆளில்லை. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வழியாகச் சாதி காட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. கயிறு சின்ன விஷயம், அதைப் போய்ப் பெரிதாக்குகிறார்களே என்று கேட்டவர்கள் உண்டு. சின்ன விஷயமாக இருக்கும்போதுதான் தடுக்க முடியும்.

தடுக்க முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நல்ல உதாரணம். இருபது ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்று அந்த ஊரைச் சொன்னார்கள். தெருவுக்கு ஒரு இளைஞர் கும்பல், இடுப்பில் கத்தி. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான், ஆம்பளைப் பிள்ளைகள் அப்படித்தான் என்று ஊரும் பழகிவிட்டது. 2005-ல் அங்கே காவல்துறைக்குள் வன்முறைக் குறைப்புப் பிரிவு என்று ஒன்று தொடங்கினார்கள். வன்முறையைக் குற்றமாக மட்டும் பார்க்காமல், தொற்றுநோயைத் தடுப்பதுபோல அணுகினார்கள். 2008-ல் கும்பல் இளைஞர்களை நீதிமன்ற அறைக்கே வரவழைத்தார்கள், விசாரணைக்கு அல்ல. முதலில் போலீஸ் அதிகாரி பேசினார்: உங்களில் ஒருவன் கத்தியை எடுத்தால் கும்பல் முழுவதையும் பிடிப்போம். அடுத்து ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர், வெட்டுப்பட்ட முகங்களைத் தைப்பது எப்படி இருக்கும் என்று சொன்னார். பிறகு பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பேசினார். கடைசியாக ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். இதை விட்டு வெளியே வர விரும்பினால் கூப்பிடு, வேலை, படிப்பு, குடிப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை, எதற்கும் ஆள் இருக்கிறது. 2004-05-ல் ஸ்காட்லாந்து முழுவதும் 137 ஆக இருந்த கொலைகள் பத்தாண்டுக்குள் பாதிக்குக் கீழே இறங்கின. இந்தத் திட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையையும் கூட்டினார்கள். ஆனால் அந்த ஊர்ப் பையன்களின் பிறவிக் குணமோ அந்தத் தெருக்களின் வறுமையோ அந்தப் பத்தாண்டில் பெரிதாக மாறவில்லை என்பது நிச்சயம்.

அந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, மருத்துவர்கள் அதோடு சேர்ந்து செய்த இன்னொரு வேலை. பல் மருத்துவர்கள், முடிதிருத்துபவர்கள், கால்நடை மருத்துவர்கள் ஆகியோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உடைந்த பல்லோடு வரும் பெண், தலைமுடிக்குள் காயம் மறைத்து வரும் பெண், அடிபட்ட நாய்க்குட்டியைத் தூக்கி வரும் குடும்பம், இவர்களை முதலில் பார்ப்பது அவர்கள்தானே. எப்படிக் கேட்பது, நீ சொல்வதை நம்புகிறேன் என்று எப்படிக் காட்டுவது, காயத்தை எப்படிக் குறித்து வைப்பது, அடுத்து எங்கே அனுப்புவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊரில் இதே இடத்தில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், வகுப்பு ஆசிரியர், மகளிர் குழுத் தலைவி. அடி விழுந்த மறுநாள் காலை கன்னத்து வீக்கத்தை முதலில் பார்க்கிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு அப்படியொரு பயிற்சியும், அவர்கள் எழுதி வைப்பதை மதித்து நடவடிக்கை எடுக்க ஒரு அதிகாரியும் வேண்டும். எங்கே தொடங்குவது என்று யாராவது என்னைக் கேட்டால், அங்கே தொடங்குங்கள் என்பேன்.